செய்கையே சான்று: ஆப்பிரிக்க மக்களின் கலையும் கட்டடமும் கல்வராயன் மலைக்குச் சொல்வது

(கச்சிராயபாளையத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



கோமுகி ஆற்றங்கரையில் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. அதற்கான விடையிலிருந்தே தொடங்குகிறேன். கல்வெட்டும் ஏடும் விட்டுச் செல்லாத மக்களின் கலையை எப்படிப் படிப்பது என்பதில் அறிஞர் உலகம் பெரிதும் தடுமாறிய இடம் ஆப்பிரிக்கா. பெரிதும் கற்றுக்கொண்ட இடமும் அதுவே. நமக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையின் கலையையும் வீடுகளையும் எழுத நினைக்கும் யாருக்கும் அந்தப் பாடம் நேரடியாக உதவும்.

தமிழகத்தில் கலை வரலாறு என்றால் கோயில், கல்வெட்டு, செப்பேடு, செப்புத் திருமேனி என்று பழகிவிட்டோம். இவை எல்லாம் நிலைத்து நிற்பவை. நிலைத்து நிற்பதையே சான்று என்று கொண்டால், மூங்கில் தட்டியில் மண் அப்பி எழுப்பிய சுவருக்கும், புல் வேய்ந்த கூரைக்கும், வாசலில் போட்டு மாலைக்குள் அழிந்துவிடும் கோலத்துக்கும் வரலாறே இல்லாமல் போய்விடும். அவற்றுக்கும் வரலாறு உண்டு. அது செய்கிறவர்களின் கையில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: புதுப்பித்துப் புதுப்பித்து வாழும் கலைக்குச் செய்கையே சான்று. யார் செய்தார், யாரிடம் கற்றார், எந்த மாதத்தில் செய்தார், பொருளை எங்கிருந்து எடுத்தார், யார் கேட்டுச் செய்தார், மறுபடி எப்போது செய்வார் என்பவை எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு கலைப்பொருளை நாம் படித்தவர்கள் ஆவோம். இதை ஆறு குறிப்புகளாக உங்கள் முன் வைக்கிறேன். ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம். அங்குள்ள மக்களுக்கெல்லாம் பொதுவான ஒரே கலை என்று எதுவும் இல்லை. ஆகவே குறிப்பிட்ட ஊரையும் மக்களையும் பெயர் சொல்லியே பேசுகிறேன்.

1. கட்டியவர் யார் என்ற கேள்வி

இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் ‘பெரிய ஜிம்பாப்வே’ என்ற கல் நகரம் இருக்கிறது. 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை செழித்த ஊர். அதன் பெரிய மதில் சுமார் 250 மீட்டர் சுற்றளவு கொண்டது. சில இடங்களில் 11 மீட்டர் உயரம். அத்தனையிலும் சாந்து ஒரு கரண்டிகூடக் கிடையாது. அந்தப் பகுதியின் பாறைகள் வெயிலிலும் குளிரிலும் பாளம் பாளமாக உரியும் தன்மை உள்ளவை. நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் இன்னும் விரைவாக உரியும். அந்தப் பாளங்களைக் கையில் அடங்கும் அளவுக்கு உடைத்து, மேலே போகப் போகச் சற்றே உள்வாங்கும்படி வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். பாறையின் குணம் தெரிந்தவர்களின் வேலை அது.

1871-இல் அங்கே வந்த கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், அதைச் சேபா நாட்டு அரசியோடு தொடர்புபடுத்தினார். பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்த ஷோனா மக்களின் முன்னோர் கட்டியிருக்கக்கூடும் என்ற எண்ணம் அவர் காலத்தவர் பலருக்குத் தோன்றவில்லை. 1902-இல் அந்த இடத்துக்குப் பொறுப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், பிற்கால ஆப்பிரிக்கர்கள் சேர்த்த குப்பை என்று கருதிப் பல அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி அகற்றினார். அந்த மண்ணில்தான் மதிலுக்குள் இருந்த வீடுகளின் தரைகள் இருந்தன. மண்ணும் சரளையும் குழைத்துப் போட்ட தரை, அடுப்படி, உடைந்த பானை எல்லாம் சேர்ந்து போயின. மதில் நின்றது, மதிலுக்குள் வாழ்ந்தவர்களின் சான்றில் பெரும்பகுதி போயிற்று.

1905-இல் டேவிட் ராண்டல் மக்கைவரும், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் எஞ்சியதை முறையாக அகழ்ந்து, இது ஆப்பிரிக்கர்களே கட்டிய ஊர் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் வெள்ளையர் ஆட்சிக்கு அந்த உண்மை பிடிக்கவில்லை. அதைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல் நகரத்தின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. அங்கே கிடைத்த மாக்கல் பறவை அந்நாட்டுக் கொடியில் இருக்கிறது.

நைஜீரியாவின் இஃபே நகரத்திலும் இதே கதைதான். அங்கு கிடைத்த மனிதத் தலைச் சிற்பங்களின் அழகைக் கண்ட லியோ ஃப்ரொபேனியஸ், 1910-இல், அவை கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் நாட்டவரின் கைவேலை என்றார். பிறகு 1938-இல் அதே ஊரில், அரண்மனைக்குப் பக்கத்தில் வீடு கட்டத் தோண்டிய இடத்தில் உலோகத் தலைகள் வரிசையாகக் கிடைத்தன. செய்தவர்களின் வழித்தோன்றல்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

நமக்கு இதில் என்ன பாடம்? கல்வராயன் மலையில் தமிழ் பேசி வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் மரபு உண்டு. அது அவர்களின் மரபு. அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, மலையில் காணும் நல்ல வேலைப்பாடு எல்லாம் கீழ்நாட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர் முடிவு கட்டக் கூடாது. எந்தச் சரிவில் வீடு நிற்கும், எந்த மூங்கில் எத்தனை மழை தாங்கும், எந்தப் பக்கம் வாசல் வைத்தால் காற்று அடிக்காது என்ற அறிவு அந்த மலையில், அந்தக் கைகளில் விளைந்தது. முதல் கேள்வியை அங்கே கேட்க வேண்டும்.

2. புதுப்பிப்பதே பாதுகாப்பு

மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரின் பெரிய பள்ளிவாசல் முழுக்க மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907-இல் எழுந்தது. சுவரில் பனை மரத் துண்டுகள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அலங்காரம், ஏறி நின்று பூசுவதற்கு நிரந்தரச் சாரம். ஆண்டுக்கு ஒரு முறை ஊரே கூடிச் சுவருக்குப் புதுப் பூச்சுப் பூசுகிறது. வண்டல் மண்ணோடு உமியைக் கலந்து, நீர் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டுப் புளிக்கவைக்கிறார்கள். அன்று பெண்கள் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். இளைஞர்கள் கூடையில் சேறு சுமந்து ஓடுகிறார்கள். கொத்தர் சங்கத்து மூத்தவர்கள் நின்று வழிநடத்துகிறார்கள். 1988-இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பது சுவர். சுவரை நிற்கவைப்பது அந்த ஒரு நாள் வேலையும், அதைச் சொல்லிக்கொடுக்கும் கொத்தர் குடும்பங்களும்.

பர்கினா ஃபாஸோவின் தியெபெலேயில் கசேனா மக்களின் வீடுகள் இருக்கின்றன. சுவர் எழுப்புவது ஆண்கள். அதன்மேல் செம்மண், வெள்ளை, கருப்பு நிறங்களில் கோலம் தீட்டுவது பெண்கள். அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில் மூத்த பெண்கள் முன்னின்று செய்ய, இளையவர்கள் உடனிருந்து கற்கிறார்கள். அங்குள்ள அரச குடியிருப்பு 2024-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு மரபு இருந்தது. நைஜீரியாவின் ஓவெரி பகுதி இக்போ மக்கள், நிலத் தாயான ஆலாவுக்கு ‘ம்பாரி’ என்ற மண் மாளிகை எழுப்புவார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் வேலி அடைத்த இடத்துக்குள் மாதக்கணக்கில் தங்கி, புற்றுமண்ணைக் குழைத்துத் தெய்வம், விலங்கு, வெள்ளைக்கார அதிகாரி வரை உருவங்களைச் செய்து நிரப்புவார்கள். திறந்துவைக்கும் நாளில் ஊர்த் திருவிழா. அதன்பின் யாரும் அதைப் பழுதுபார்க்க மாட்டார்கள். மழையும் கறையானும் எடுத்துக்கொள்ளும். செய்து முடித்ததே வழிபாடு. ஹெர்பர்ட் கோல் என்ற ஆய்வாளர் இதை நேரில் ஆராய்ந்து 1982-இல் நூலாக வெளியிட்டார்.

தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கும். புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையில் புரவியெடுப்பு நடக்கிறது. ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் வேளார் குதிரை செய்யத் தொடங்குவார். சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். போன முறை வைத்த குதிரை பக்கத்தில் கால் உடைந்து நிற்கும். அதை யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த முறை புதுக் குதிரை வரும். குதிரையை மட்டும் படித்தவருக்கு அது சுடுமண் சிற்பம். பிடிமண்ணிலிருந்து படித்தவருக்கு, ஊருக்கும் வேளாருக்கும் தெய்வத்துக்கும் இடையே உள்ள உடன்படிக்கை தெரியும்.

மலைக்கு வருவோம். மூங்கில் தட்டி, மண் பூச்சு, புல் கூரை, சாமையும் தினையும் வைக்கத் தரையிலிருந்து உயர்த்திய குதிர் என்று பெரியவர்கள் விவரிக்கும் வீட்டுக்கு உயிர் கொடுத்தது, கூரை மாற்றும் பருவமும் அதற்குக் கூடும் அக்கம்பக்கமும். அந்தச் சுழற்சி நின்றால் வீடு நிற்காது. சுழற்சி நிற்பதற்குக் காரணம் மக்களின் அக்கறைக் குறைவு என்று எழுதுவது பெரும் அநியாயம். காட்டில் மூங்கிலையும் புல்லையும் எடுக்க உரிமை இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப் பொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கும் உரிமையைக் காடுவாழ் மக்களுக்குத் தருகிறது. கட்டடக் கலையை எழுதுகிறவருக்கு அந்தச் சட்டமும் ஒரு மூல ஆவணம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காங்கிரீட் வீடு கேட்கும் குடும்பத்திடம், உங்கள் புல் வீடு எவ்வளவு அழகு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆண்டுதோறும் கூரை மாற்றும் பாடும், தீப்பிடிக்கும் அச்சமும் அவர்களுடையவை. நம் கடமை அந்த அறிவைப் பதிவு செய்வதும், விரும்புகிறவர்கள் அதைத் தொடர வழி இருக்கும்படி பார்த்துக்கொள்வதும்தான்.

3. கோடு போகும் வழி

செய்கையே சான்று என்ற என் கருத்துக்கு, இனிச் சொல்லப்போவதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் சோக்வே மக்கள் மணலில் வரையும் படங்களுக்கு ‘சோனா’ என்று பெயர். வரைகிறவர் முதலில் மணலைக் கையால் தடவிச் சமப்படுத்துவார். விரல் நுனிகளால் சம இடைவெளியில் புள்ளிகள் வைப்பார். பிறகு ஒரு விரலால், புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி, கை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்துத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பார். வாய் கதை சொல்லிக்கொண்டிருக்கும்; கை நிற்காது. நடுவில் தயங்கினால் கூடியிருப்பவர்கள் அவரைத் தேர்ந்தவராக மதிப்பதில்லை. கதை முடிந்ததும் படத்தை அழித்துவிடுவார். எளிய படங்களைச் சிறுவர்கள் சடங்குக் காலப் பயிற்சியில் கற்றார்கள். கடினமானவை தேர்ந்த சில ஆண்களின் குடும்பச் சொத்தாக இருந்தன.

கேட்கும்போதே இங்குள்ள தாய்மார்களுக்கு மார்கழி மாத வாசல் கண்முன் வந்திருக்கும். புள்ளி வைத்து, கம்பியை வளைத்து, புள்ளியைத் தொடாமல் சுற்றிவரும் சிக்குக் கோலம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஆண்கள், இங்கே பெண்கள். அங்கே மணலில் விரல், இங்கே சாணம் தெளித்த வாசலில் மாவு. மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பவுலுஸ் கெர்டஸ் சோனாவை ஆராய்ந்தவர். தமிழ்க் கோலங்களையும் எடுத்து அதே முறையில் ஆராய்ந்தார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியிருந்தார்கள்.

கெர்டஸ் காட்டிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். பாய் பின்னுவதுபோல் செல்லும் ஒரு வகை சோனாவில் 5 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி என்று வைத்தால் படம் முழுவதும் ஒரே கோட்டில் முடியும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு கோடு வேண்டும். 3-க்கு 3 என்றால் மூன்று கோடு. இரண்டு எண்களுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுஎண் எதுவோ, அத்தனை கோடு. மாணவர்கள் இன்று மாலையே நோட்டில் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுஎண் என்று படிப்பதை, ஏட்டில் எழுதாத மக்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். எந்தப் புள்ளிக் கணக்கு ஒரே கோட்டில் முடியும் என்பது அந்த ஆசான்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது ஒரு சோனாவையோ சிக்குக் கோலத்தையோ புகைப்படம் எடுத்து நூலில் அச்சிட்டால் என்ன கிடைக்கும்? முடிந்த உருவம் கிடைக்கும். எங்கே தொடங்கினார், எந்த வளைவில் திரும்பினார், எப்படி நினைவில் வைத்துக்கொண்டார், கதையின் எந்தச் சொல்லில் கோடு எந்தப் புள்ளியைச் சுற்றியது என்பவற்றில் ஒன்றும் கிடைக்காது. அறிவு முழுவதும் கோடு போகும் வழியில் இருக்கிறது. படத்தில் வழி தெரிவதில்லை. அடிமை வணிகமும் குடியேற்ற ஆட்சியும் சோக்வே சமூகத்தைச் சிதைத்தபோது, படங்கள் பல தாளில் தப்பின. வரையும் முறைகளை அறிஞர்கள் கணக்குப் போட்டு மீட்க வேண்டியிருந்தது. 2023-இல் சோனா யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

4. செய்தவர் பெயர்

1915-இல் கார்ல் ஐன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கலைத் திறனாய்வாளர் ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பாவில் அவற்றைக் கலை என்று மதித்து எழுதிய முன்னோடி நூல் அது. ஆனால் அதில் இருந்த படங்களுக்குக் கீழே ஊர் பெயரும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. உருவத்தை மதித்து, ஆளை விட்டுவிடும் பழக்கம் அந்த நூலோடு நிற்கவில்லை. இனத்தின் பெயரை எழுதினால் போதும், ஒரு இனத்துக்கு ஒரு பாணி என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது. 1984-இல் சிட்னி காஸ்ஃபிர் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தை நேராகக் கேள்வி கேட்டது.

பெயரைத் தேடினால் கிடைக்கிறது. யொரூபா மரச்சிற்பி இசே ஊர் ஒலோவே 1938-இல் இறந்தவர். இகெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவில், வெள்ளைக்கார அதிகாரியை மன்னர் சந்திக்கும் காட்சி பலகையிலிருந்து முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். 1924-இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்குப் போன அந்தக் கதவு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகம் அவர் பெயரைப் பின்னால்தான் கேட்டது. அவர் ஊரிலோ அவர் பெயர் மறையவே இல்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அவருடைய மனைவியருள் ஒருவர் அவர் புகழ் கூறும் பாட்டை நினைவிலிருந்து பாட, ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கலைஞரின் வரலாறு அந்த அம்மாவின் நினைவில் பத்திரமாக இருந்தது. கேட்கப் போனவர்கள்தான் தாமதம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பகுதிக்குப் பெருமை. குறியீடு ஊரைக் காக்கிறது. உளி பிடித்தவரின் பெயரை அது சொல்லாது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சிற்பியிடமும், யாரிடம் தொழில் கற்றீர்கள், அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதினால், ஓரிரு தலைமுறை பின்னோக்கி இந்தக் கலையின் வம்சாவளி நம் கைக்கு வந்துவிடும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. உட்கார்ந்து கேட்கும் பொறுமை வேண்டும்.

5. தனித்து வாழ்ந்த மக்கள் என்று யாரும் இல்லை

பழங்குடிக் கலை என்றாலே வெளியுலகம் படாத தூய கலை என்று தேடுகிறவர்கள் உண்டு. ஆப்பிரிக்கா அதைப் பொய்யாக்குகிறது. அதைப் பொய்யாக்கிய பொருள்களில் ஒன்று நம் துணி.

நீலச் சாயமேற்றிய பருத்தித் துணி புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வணிகர்களின் கப்பலில் செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே மரப்பிசின் வணிகத்தில் அது பணமாகவே புழங்கியது. நம் தென்னார்க்காட்டு மாவட்டம் அன்று அவுரி விளைந்த சீமை. இந்தியத் துணி கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கிய கொடுமையும் அந்த வணிகத்தில் சேர்ந்தே நடந்தது. அதை மறைத்துவிட்டு நெசவின் பெருமையை மட்டும் பேசுவது தகாது.

நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள், கோரமண்டல் கரையிலிருந்து போன கட்டம் போட்ட கைத்தறித் துணியை எடுத்து, கூரிய பிளேடால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுக்கிறார்கள். இழை போன இடம் வலைபோல் ஆகிறது; கட்டம் வேறொரு கோலமாக மாறுகிறது. இதற்குப் ‘பெலெதே பிதே’ என்று பெயர். செய்கிறவர்கள் பெண்கள். குடும்பத்துப் பெரியவர் இறந்தால், பெட்டியில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த துணிகளை எடுத்து அறையையும் கட்டிலையும் அலங்கரிப்பார்கள். ஜோன் ஐக்கரும் டோன்யே எரெகோசிமாவும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நெய்தது இங்கே, கலபாரித் துணியாக ஆனது அங்கே. பொருளை மட்டும் பார்த்தால் அது வணிகர்கள் ‘சென்னைக் கைக்குட்டை’ என்று விற்ற துணி. செய்கையைப் பார்த்தால் அது கலபாரிப் பெண்களின் கலை.

கல்வராயன் மலையும் சந்தையோடும் கீழ்நாட்டோடும் உறவாடிய மலைதான். அங்கே ஒரு வீட்டில் பித்தளைக் குடமோ ஆலைத் துணியோ இருந்தால் மரபு கெட்டுவிட்டது என்று எழுத வேண்டாம். வந்த பொருளை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

6. எடுத்துப் போனதும் திரும்பி வருவதும்

1897-இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரத்தைத் தாக்கி எரித்து, அரண்மனையிலிருந்த பித்தளைப் பலகைகள், தலைகள், தந்த வேலைகள் என ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்துப் போயிற்று. பலகைகள் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டு வேலை. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்க்கும் முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, காவிரி வண்டல் பூசிச் செய்யும் அதே அடிப்படை. சுவாமிமலையில் திருமேனி திடமாக வார்க்கப்படுகிறது. பெனின் தலைகள் உள்ளே மண் கரு வைத்து மெல்லியதாக வார்க்கப்பட்டவை. அரண்மனைக்கு வார்த்துக் கொடுத்த வார்ப்பாளர் சங்கம் இன்றும் அந்நகரின் இகுன் தெருவில் உலை மூட்டுகிறது. 2022-இல் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றித் தந்தது. 2025-இல் நெதர்லாந்து 119 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது.

இது எங்கோ நடந்த கதை அல்ல. நம் மாவட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலிலிருந்து காணாமற்போன திருமேனிகள் அமெரிக்காவில் இருப்பதை 2022-இல் தமிழகச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு அடையாளம் கண்டது. கைகொடுத்தவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பு எடுத்துவைத்திருந்த புகைப்படங்கள். யாரோ ஒருவர் அந்தக் கோயிலுக்குள் போய், இந்தத் திருமேனி இந்த ஊரில் இருக்கிறது என்று பதிந்துவைத்ததால்தான் இன்று நாம் கேட்க முடிகிறது. மலைக் கோயில்களுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும்.

பதிவு வேறு, அள்ளிக்கொண்டு வருவது வேறு. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துக் கற்கோடரிகளை மக்கள் கோயிலில் வைத்து வழிபட்டதைத் தொல்லியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறித்திருக்கிறார். அந்தக் கல் முன்பு கோடரி, இப்போது தெய்வம். வழிபடும் கைகள் இருக்கும்வரை அதன் இடம் அந்தக் கோயில்தான்.

இனிச் செய்ய வேண்டியது

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தம் ஏழு தொகுதி நூலில் மலையாளி மக்களைப் பற்றி எழுதினார். சடங்குகளையும் மண முறைகளையும் விரிவாகத் தொகுத்த அந்த எழுத்தில், ஒரு சுவரை எழுப்பிய கையின் பெயரைத் தேடினால் கிடைக்காது. கேட்டவரும் எழுதியவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். அடுத்த பதிவு மலையிலேயே பிறக்க வேண்டும்.

அதற்கு நான் முன்வைக்கும் முறை எளியது. மலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளே பதிவாளர்கள் ஆகட்டும். ஒரு வீடு கட்டுவதோ கூரை மாற்றுவதோ குதிர் செய்வதோ நடக்கும்போது, கால்கோள் முதல் கடைசிக் கட்டு வரை உடனிருந்து எழுதட்டும், படம் எடுக்கட்டும், குரலைப் பதியட்டும். மூங்கில் எந்தக் காட்டில், எந்த மாதத்தில், நிலவின் எந்தப் பக்கத்தில் வெட்டியது. கட்டு எந்த நாரால் போட்டது. மண்ணில் என்ன கலந்தது. எந்த வேலையை ஆண் செய்தார், எதைப் பெண் செய்தார். என்ன சொல்லிப் பூசை போட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் முடிச்சுக்கும் அவர்கள் வழங்கும் பெயரே தலைப்பாக இருக்கட்டும். செய்கிறவர் பெயரும் அவர் ஆசான் பெயரும், அவர்கள் சம்மதித்தால், முதல் வரியில் வரட்டும். சொல்லக் கூடாது என்று அவர்கள் நினைப்பதைக் கேட்காமல் விடுவோம். பதிவின் முதல் பிரதி அந்த ஊரிலேயே இருக்கட்டும். அதை அச்சிடவோ காட்சிக்கு வைக்கவோ அந்த ஊரின் ஒப்புதல் வேண்டும்.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்கு வழி செய்கிறது. அதோடு, ஆண்டுக்கு ஒரே ஒரு செய்கையை இப்படி முழுமையாகப் பதிவு செய்யும் மாணவர்களுக்கு ஒரு நல்கையும் வழங்க வேண்டும் என்று அதை நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன். அப்படி ஒரு பதிவைச் செய்து முடித்த மலைப் பிள்ளை ஒருவர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே இடத்தில் நின்று, தன் பாட்டியின் தானியக் குதிர் பற்றிப் பேச வேண்டும். நாமெல்லாம் கீழே அமர்ந்து குறிப்பெடுப்போம்.